பத்து முப்பத்து நாலு

எங்கள் கல்யாண வீடியோவைப் போட்டால் சொந்தக்காரர்கள் அவரவர் முகத்தைத் தேடுவார்கள். இறந்துபோனவர்கள் வரும் இடத்தில் பேச்சு கொஞ்சம் அடங்கும். நான் மட்டும் திரையின் வலது கீழ் மூலையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே தேதியும் மணியும் ஓடும். கெட்டிமேளம் கொட்டி, அட்சதை பறந்து, இவர் குனிந்து முதல் முடிச்சுப் போடும்போது அந்த மூலையில் இருப்பது 10:34. வெள்ளிக்கிழமை. ராகு காலம் 10.30க்கே ஆரம்பித்துவிட்டது.

கேசட் சிடி ஆனது, சிடி பென்டிரைவ் ஆனது. பட்டுப்புடவையின் அரக்கு நிறம் வெளுத்து ஏதோ ரோஜா நிறமாகிவிட்டது. அந்த எண்கள் மட்டும் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், மகளுக்கு நாள் குறிக்க மூன்று வாரமாக வீட்டில் ஒரே பஞ்சாங்கப் பேச்சு. தினசரி காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்துவிட்டோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் சுற்றிச் சுற்றி 10:34க்கு வந்து நிற்கிறது.

1996 வைகாசி, திண்டுக்கல். பத்திரிகையில் ‘காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்’ என்று போட்டிருந்தோம். வெள்ளிக்கிழமைக்கு அதுதான் தோதான நேரம். 7.30லிருந்து 9 வரை குளிகை. குளிகையில் செய்தது திரும்பவும் நடக்கும் என்பார்கள். அதனால் நகை வாங்கலாம், கடனை அடைக்கலாம். தாலி கட்டவும் கூடாது, பிணம் எடுக்கவும் கூடாது. 10.30லிருந்து 12 வரை ராகு காலம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒன்றரை மணி நேரம்தான் எங்கள் முகூர்த்தம். விடியற்காலை 6லிருந்து 7.30 இன்னொன்று உண்டு. மாப்பிள்ளை வீட்டில் வயசானவர்கள் அதிகம், அவ்வளவு காலையில் கிளப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

தாலியைத் தேங்காயோடு தட்டில் வைத்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்க மண்டபம் முழுக்கக் கொண்டுபோவார்கள் இல்லையா, அந்தப் பொறுப்பு என் சித்தியிடம். சித்தி கெட்டிக்காரி, ஆனால் எதையும் பாதியில் விடத் தெரியாதவள். ஆண்கள் பக்கம் முடித்தாள், பெண்கள் பக்கம் முடித்தாள். பெரிய தாத்தா பந்தியில் உட்கார்ந்துவிட்டார் என்று யாரோ சொல்லவும், “அவரை விட்டா நாளைக்குப் பேச்சு வரும்” என்று தட்டோடு சாப்பாட்டுக் கூடத்துக்கே போய்விட்டாள். தாத்தா இடது கையால் தொட முடியாதே என்று எழுந்து கை கழுவப் போனார். அந்த நேரம் பார்த்து சமையல்காரர், தயிர் வேண்டும், ஸ்டோர் ரூமைத் திற என்று நின்றார். சாவி சித்தியின் இடுப்பில். தட்டைப் பக்கத்திலிருந்த அப்பளக் கூடைமேல் வைத்துவிட்டுப் போனவள், தயிருக்குப் பிறகு வாழை இலை, இலைக்குப் பிறகு தாம்பூலப் பை என்று அங்கேயே சுழன்றுவிட்டாள்.

10.15க்கு ஐயர் “மாங்கல்யத்தக் கொண்டாங்கோ” என்றார். எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். மணமகள் அறையில் என் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். தாய்மாமா என்ன புரிந்துகொண்டாரோ, டிவிஎஸ் 50யை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் எனக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது.

தாலி தேடியதைவிட எனக்கு நன்றாக நினைவிருப்பது பெரியப்பா செய்த காரியம். மணமேடைக்கு எதிர்ச் சுவரில் பெரிய வட்டக் கடிகாரம் ஒன்று இருந்தது. பெரியப்பா ஒரு இரும்பு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். கடிகாரத்தை இறக்கினார், பின்னால் திருகினார், துல்லியமாக இருபது நிமிஷம் முள்ளைப் பின்னால் தள்ளினார், மறுபடி மாட்டினார். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. இறங்கி வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, “நேரம் கிடக்கு, பதறாதீங்க” என்றார். அவர் குரலில் இருந்த நிம்மதி நடிப்பில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

அப்பளம் எடுக்க வந்த பரிமாறுகிற பையன்தான், “அண்ணே, இந்தத் தட்டு யாருது?” என்று கேட்டான். தாலி ஏறியது. சுவர்க் கடிகாரப்படி 10.14. ஐயரும் அதைத்தான் பார்த்தார். மேளக்காரரும் அதைத்தான் பார்த்தார். வீடியோக்காரர் மட்டும் சுவரைப் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தாள். அப்பா தமிழாசிரியர். ஆறுதல் சொல்கிறேன் என்று, “கண்ணகி கல்யாணத்த நிலவும் ரோகிணியும் கூடின நாள் பாத்துத்தான் நடத்தினாங்க. நல்ல நாளு அவளுக்கு என்ன செஞ்சுது?” என்றார். சிலப்பதிகாரத்தில் அது அப்படித்தான் இருக்கிறது, சந்தேகமில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கல்யாணத்தன்னிக்கு எடுக்கிற பேரா அது?” என்று கத்தினாள். அப்புறம் அப்பா அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கேசட் வந்தது. பழனியில் மாமியார் வீட்டில் பக்கத்து வீட்டார் வரை கூடி உட்கார்ந்து பார்த்தோம். நாத்தனார் பையனுக்கு அப்போதுதான் டிஜிட்டல் எண் படிக்கத் தெரிந்திருந்தது. தாலி கட்டும் இடத்தில், “மாமா, பத்து முப்பத்தி நாலு!” என்றான். அத்தை டிவியைப் பார்த்தார், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் எல்லாருக்கும் காபி கலந்தார்.

ராகு காலத்தை நான் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்தவள். ‘திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா’ என்று அப்பா சொல்லிக் கொடுத்தது. திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு. 7.30லிருந்து வரிசையாக ஒன்றரை ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொண்டே போனால் எந்தக் கிழமைக்கு எப்போது என்று வந்துவிடும்.

அதைவிட நெருங்கிய பழக்கமும் உண்டு. எனக்கு வரன் தள்ளிப்போனபோது, வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு போடு என்று ஜோசியர் சொன்னார். ஒன்பது வாரம் போட்டேன். பழத்தை இரண்டாக அறுத்து, சாறு பிழிந்து, தோலை உட்புறம் வெளியே வரும்படி கிண்ணம்போல் திருப்பி, நெய் ஊற்றித் திரி போட வேண்டும். திருப்பும்போது பாதி கிழிந்துவிடும். அதனால் எப்போதும் இரண்டு பழம் கூடுதலாகக் கொண்டுபோவேன். விரலெல்லாம் சாறு எரியும். என்னைப் போல இருபது முப்பது பெண்கள் வரிசையில் நிற்பார்கள், எல்லாரும் கேட்பது ஒன்றுதான். 10.30லிருந்து 12க்குள் கல்யாணம் வேண்டும் என்று கேட்கலாம், அதே 10.30லிருந்து 12க்குள் கல்யாணம் செய்யக் கூடாது. நான் கேட்ட கிழமையில், கேட்ட நேரத்திலேயே கொடுத்துவிட்டாள். இதை ஒரு தடவை அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். “சாமிகிட்ட விளையாடாத” என்றார்.

வைகாசியில் கல்யாணம் என்றால் இரண்டே மாதத்தில் ஆடி. அப்பா ஆடிச் சீரோடு வந்து என்னை அழைத்துக்கொண்டு போனார். ஆடிக்கு அழைக்காத மாமியாரைத் தேடிப் பிடித்துச் செருப்பால் அடிக்கச் சொல்கிற ஊர் நம்முடையது. அதனால் மாப்பிள்ளைக்கும் மரியாதையாக அழைப்பு வைத்து, விருந்து போட்டு, மறுநாள் மரியாதையாக அனுப்பியும் வைத்தார்கள். ஆடியில் கரு தங்கினால் சித்திரையில் பிள்ளை. கத்திரி வெயிலில் பிள்ளைத்தாய்ச்சி படும் பாடு ஒன்று, ‘சித்திரை அப்பன் தெருவிலே’ என்ற பயம் இன்னொன்று. இந்தப் பிரித்து வைக்கிற வழக்கத்துக்காவது ஒரு காரணம் தெரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு பிரித்து வைக்காமலே எங்களுக்கு நாலு வருஷம் குழந்தையில்லை. அப்போதுதான் ‘அந்த நாலு நிமிஷம்’ என்ற சொல் வீட்டுக்குள் வந்தது.

முதலில் அது வேடிக்கையாகத்தான் வந்தது. இவர் ஸ்கூட்டரில் விழுந்து முழங்கை பெயர்ந்தபோது, நாலு நிமிஷம். ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு பள்ளிக்கு மாற்றல் வந்தபோது, நாலு நிமிஷம். கொல்லையில் நட்ட ஒட்டு மாங்கன்று பட்டுப்போனபோதுகூட நாத்தனார் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். இதில் ஒன்றைக் கவனிக்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. அந்த நேரத்தில் மேடையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். தாலியைக் கட்டியவர் அவர். தாமதமாகக் கட்டியவரும் அவர்தான் என்று சொல்லலாம். ஆனால் நாலு நிமிஷம் என்று யார் சொன்னாலும் தலை என் பக்கம்தான் திரும்பும். ராகு பிடித்தது முகூர்த்தத்தை, சுமந்தது நான்.

2003இல் மாமா, என் மாமனார், போய்விட்டார். மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழும்போது அத்தை ஒப்பாரி மாதிரி இழுத்துச் சொன்னார்: “அன்னிக்கே தெரியுமே, அந்த நாலு நிமிஷம் என் தலையில விடியும்னு.” நான் தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தேன். மூன்று வயது மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். யாருக்குத் தண்ணீர் கொடுக்க வந்தேன் என்று மறந்துவிட்டது. சொம்போடு அடுப்படிக்கே திரும்பிப் போனேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த ராத்திரி இவர் ஒரு கட்டுரை நோட்டும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தார். இவர் கணக்கு வாத்தியார். இவருக்குத் துக்கம் வந்தாலும் கணக்காகத்தான் வரும்.

ராகு காலம் என்பது பகல் பொழுதை எட்டாகப் பிரித்து, அதில் அந்தந்தக் கிழமைக்கு உரிய ஒரு பங்கு. வெள்ளிக்கு நாலாவது பங்கு. சூரியன் காலை 6க்கு உதித்து மாலை 6க்கு மறைந்தால் நாலாவது பங்கு 10.30க்குத் தொடங்கும். காலண்டரில் வருஷம் முழுக்க அச்சடிப்பது அதைத்தான். ஆனால் வைகாசியில் திண்டுக்கல்லில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 5.55க்கு, மறைவது 6.35க்கு. பகல் 12 மணி 40 நிமிஷம், அதாவது 760 நிமிஷம். எட்டில் ஒரு பங்கு 95. மூன்று பங்கு போனால் 285. 5.55ஓடு 285 நிமிஷத்தைக் கூட்டினால் 10.40. ராகு காலம் தொடங்குவது 10.40க்கு. தாலி ஏறியது 10.34க்கு. ஆறு நிமிஷம் மிச்சம்.

நம் கடிகாரமே நம் ஊர்க் கடிகாரம் இல்லை என்றார். இந்திய நேரம் என்பது 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. அது மிர்சாப்பூர் பக்கம் போகிறது. திண்டுக்கல் ஏறத்தாழ 78 பாகையில் இருக்கிறது. பாகைக்கு நாலு நிமிஷம் வீதம், அங்கே உச்சியில் நிற்கும் சூரியன் இங்கே உச்சிக்கு வர இன்னும் பதினெட்டு நிமிஷம் ஆகும். “ராகு பாக்குறது சூரியனையா, உத்தரப் பிரதேசத்துக் கடிகாரத்தையா?” என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியப்பா நாற்காலி போட்டு ஏறிச் செய்ததும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான் என்று எனக்கு அப்போது தோன்றியது. அவர் தள்ளியது இருபது நிமிஷம், இவர் கணக்கில் வந்தது பதினெட்டு.

மறுநாள் நோட்டை அத்தையிடம் காட்டினார். அத்தை எட்டாவது வரை படித்தவர், கணக்கு புரியாதவர் இல்லை. கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டு, “ஊரெல்லாம் பத்தரைன்னு நெனச்சு ஒதுங்கி நிக்கிறப்போ ராகுவுக்கு மட்டும் நீ போட்ட கணக்கு தெரியுமாக்கும்?” என்றார். அதற்கு எந்த வாத்தியாராலும் பதில் சொல்ல முடியாது. நோட்டை மூடிவிட்டார்.

மகள் நட்சத்திரம் மூலம்.

இதைச் சொன்னாலே புரிகிறவர்களுக்குப் புரியும். ‘ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்.’ அது ‘ஆனி மூலம், பின் மூலம்’ என்றிருந்தது, மக்கள் வாயில் மாறிவிட்டது என்று ஜோசியர்களே சொல்கிறார்கள். ஆனால் அதே ஜோசியர்தான் பொருத்தம் பார்க்கும்போது, “மூலம்னா மாமனார் இல்லாத இடமாப் பாத்துட்டா வம்பில்ல” என்பார். மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனனுக்கு ஆகாது, விசாகம் இளைய மைத்துனனுக்கு ஆகாது, பூராடத்துக்குக் கழுத்தில் நூல் தங்காது. இவர் விடுவாரா, 27க்கு 5 என்று எண்ணி, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெண்ணை இந்த நாட்டில் பிறந்த அன்றே கழித்துக்கட்டியாகிவிட்டது என்றார். பையன்களின் நட்சத்திரம் மாமனார் மாமியாரை ஏன் ஒன்றும் செய்வதில்லை என்று நான் கேட்டேன். அதற்கு ஒரு கணக்கும் வரவில்லை.

ஏழெட்டு இடம் ஜாதகம் கேட்டுவிட்டு அப்படியே அமைதியாகிவிட்டார்கள். ஒரு இடத்தில் மட்டும் பையனின் அம்மா மரியாதையாகப் போன் செய்தார். பொண்ணு ரொம்பப் பிடிச்சிருக்கு, ஆனா எங்க வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே சுகர், பயமா இருக்கு, தப்பா எடுத்துக்காதீங்க என்றார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்ததால் போன் ஸ்பீக்கரில் இருந்தது. அத்தை கூடத்திலிருந்து எழுந்து வந்தார். எண்பதை நெருங்குகிறார், எழ நேரமாகும். வந்து போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“எங்க வீட்டுக்காரரும்தான் போனாரும்மா. இந்த வீட்டுக்கு வந்த மருமகளுக்கு மூலம் கெடையாது, பூசம். அந்த மனுசன் ஒரு நாளைக்கு மூணு கட்டு பீடி குடிச்சாரு. பீடிக்கு எந்த நட்சத்திரம், சொல்லும்மா?”

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது. எனக்குத் துருவலில் விரல் இழுத்துவிட்டது. மாமா பீடி குடித்ததை இருபது வருஷத்துக்கு மேலாக நான் எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்றே நினைத்திருந்தேன். அவர் வேட்டி மடிப்பிலிருந்து உதிரும் பீடித்தூளைப் பெருக்கியதே நான்தான். அத்தை போனை வைத்துவிட்டு, விரலைப் பார்த்து, “மஞ்சப்பொடி வை” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார். நானும் எதுவும் கேட்கவில்லை.

இப்போது அமைந்திருக்கும் இடத்தில் சம்பந்தி ஐயா உயிரோடு, திடமாக இருக்கிறார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூலம் என்றதும், “என்னை என்ன பண்ணிரும், பென்சன் வருது” என்றார். அவரைப் பார்த்ததும் இவருக்குப் பிடித்துவிட்டது.

சரி, வரன் முடிந்தது, நாள்?

ஆடி கிடையாது. மார்கழி கிடையாது, சாமி மாதம். புரட்டாசி பெருமாள் மாதம், அதோடு மகாளய பட்சம். ஆனியில் தலைச்சன் பிள்ளைக்கும் தலைச்சன் பெண்ணுக்கும் கட்டக் கூடாது, இரண்டு பேரும் தலைச்சன். பங்குனி உத்திரத்தில் சாமிகளுக்கெல்லாம் கல்யாணம் நடக்கிறது, ஆனால் சம்பந்தி வீட்டில் பங்குனி வழக்கமில்லையாம். மிச்ச மாதங்களில் செவ்வாய் போகும், ‘செவ்வாயோ வெறும் வாயோ’. சனி போகும். அஷ்டமி, நவமி, அமாவாசை, கரிநாள் போகும். தேய்பிறை வேண்டாம் என்றார்கள். பையனுக்கும் பெண்ணுக்கும் சந்திராஷ்டமம் போகும், அதுவே ஆளுக்கு மாதம் இரண்டேகால் நாள். இத்தனையும் கழித்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனால், தமிழ்நாடே அதே மிச்சத்தோடு அங்கே நிற்கிறது.

மண்டப மேனேஜர் பெரிய நீள நோட்டைத் திருப்பினார். வளர்பிறை முகூர்த்தங்களில் சிவப்புப் பேனா. அதுவும் ஞாயிற்றுக்கிழமை வளர்பிறை என்றால் ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே போய்விடுகிறதாம். ஞாயிறு லீவு நாள் என்பது மட்டும் காரணமில்லை. எமகண்டம் 12லிருந்து, குளிகை 3லிருந்து, ராகு காலம் 4.30லிருந்து. காலைப் பொழுது முழுக்கச் சுத்தம். ஐடி கம்பெனிக்கும் நவக்கிரகத்துக்கும் ஒத்துப்போகிற ஒரே நாள் அது.

“புரட்டாசில எந்தத் தேதி வேணும்னாலும் எடுத்துக்கங்கம்மா, வாடகைல பாதி” என்றார் மேனேஜர், வேடிக்கையாகத்தான். பூக்காரர், சமையல்காரர், மேளக்காரர் எல்லாருக்கும் இதே கதை. தை முகூர்த்தத்தில் பனிக்கு மல்லி வரத்தே இருக்காது, இருப்பதற்கு ஊரெல்லாம் போட்டி, நிலக்கோட்டைச் சந்தையில் கிலோ ஆயிரங்களில் போகும். முகூர்த்த நாளென்றால் அரசாங்கமே சிறப்புப் பேருந்து விடுகிறது, பத்திரப் பதிவு அலுவலகத்தில் கூடுதல் டோக்கன் கொடுக்கிறார்கள். ஜவுளிக்கடைக்காரர்கள்தான் புத்திசாலிகள். கல்யாணம் இல்லாத ஆடியைத் தள்ளுபடி மாதமாக்கி விட்டார்கள். ஆடியில் வீட்டுக்கே துணி எடுக்கலாம், முகூர்த்தப் புடவை மட்டும் எடுக்கக் கூடாது என்று அத்தை அதற்குள்ளும் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்.

எனக்கென்னவோ தையில் கல்யாணம், ஆடியில் இல்லை என்பதெல்லாம் வயல் போட்ட கணக்கு என்றுதான் படுகிறது. தையில் அறுப்பு முடிந்து கையில் காசு, வீட்டில் நெல். ஆடியில் விதைப்பு, கையில் இருந்ததெல்லாம் மண்ணுக்குள். ஆளும் இல்லை, காசும் இல்லை. எங்கள் யாருக்கும் இப்போது வயல் இல்லை. மண்டபத்துக்கு முன்பணமே கூகுள் பேயில் போகிறது.

அருப்புக்கோட்டைப் பக்கம் அம்மாவுக்குப் பெரியப்பா முறையில் ஒருவர் இருந்தார், கறுப்புச் சட்டைக்காரர். 1928இல் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்ததாகச் சொல்லப்படும் சுக்கிலநத்தம் அவர் ஊருக்குப் பக்கம்தான், அதைச் சொந்த ஊர்ப் பெருமையாகச் சொல்வார். அவர் தன் கல்யாணத்தை வேண்டுமென்றே ராகு காலத்தில், ஐயர் இல்லாமல், மாலை மாற்றி நடத்தினார். அந்தக் காலத்தில் அப்படி நிறையப் பேர் செய்தார்கள். சட்டப்படி அது கல்யாணமே இல்லை என்று சொந்தக்காரர்கள் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தார்களாம். அண்ணா முதலமைச்சராகி, இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்ந்து 1968இல் நடைமுறைக்கு வந்தபோது, அதற்கு முன்னால் நடந்ததும் செல்லும் என்று ஆயிற்று. அன்றைக்குப் பெரிய பாட்டி பாயசம் வைத்தாராம். அவர்கள் ஐம்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தார்கள். நான் இதைச் சொன்னால் அத்தை, “அவங்க வேணும்னு செஞ்சாங்க, நீங்க கோட்டை விட்டுச் செஞ்சீங்க” என்பார். யோசித்தால் அதில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பெரிய தாத்தாவே தன் கடைசி மகளுக்கு நல்ல நேரத்தில்தான் கட்டிக்கொடுத்தார். “குடுக்கிற இடம் கேக்குது, நான் என்ன செய்ய” என்று காலண்டரை அவரே கிழித்துக்கொண்டு வந்தாராம்.

கடைசியில் ஆவணியில் யாரோ ரத்து செய்த ஒரு தேதி கிடைத்தது. மேனேஜர் போனில் சொன்னதும் நான் காலண்டரைத் திருப்பினேன். வெள்ளிக்கிழமை. வளர்பிறை. 9லிருந்து 10.30.

இவர் என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை காலண்டரைப் பார்த்தார். காலை 6லிருந்து 7.30 வைத்துக்கொள்ளலாமா என்று சம்பந்தி வீட்டில் கேட்டோம். பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் ராத்திரி ரிசப்ஷன் முடிந்து படுக்கவே ஒரு மணி ஆகும், ஆறு மணிக்கு எப்படி என்றார்கள். நியாயம்தான். (முதல் நாளே பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஜோடியாக நிறுத்தி, மொய் வாங்கி, சாப்பாடும் போட்டு, மறுநாள் கல்யாணம் செய்கிறோமே, அந்த ரிசப்ஷனுக்கு மட்டும் ஏன் ஒருத்தரும் நாள் பார்ப்பதில்லை?) மகளிடம் கேட்டால், “எனக்கு எதுன்னாலும் ஓகேம்மா, வெள்ளிக்கிழமைன்னா ஒரு நாள் லீவு போதும்” என்றாள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை என்று இத்தனை வருஷம் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வராமல், ஆவணியில் சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும் என்று இவரை எழுப்பிக் கேட்டது நான்தான். “ஆறுக்கு மேல ஆயிரும். இன்னும் கொஞ்சம் நேரம் தள்ளித்தான் வரும், படு” என்றார்.

தாலித் தட்டுக்கு ஆள் போட்டாயிற்று. என் தம்பி மனைவி. கையில் வேறு எந்தச் சாவியும் கிடையாது. மண்டபத்துக் கூடத்தில் மட்டும் சுற்ற வேண்டும், மாடிப்படியில் கால் வைக்கக் கூடாது. சாப்பிடப் போனவர்கள் வந்து ஆசீர்வாதம் செய்துகொள்ளட்டும். சித்தி இதைக் கேட்டுவிட்டு, “என்னை இன்னும் விடலையா நீங்க” என்று ஒரு வாரம் பேசவில்லை.

நேற்று வீடியோக்காரப் பையன் முன்பணம் வாங்க வந்திருந்தான். ட்ரோன், எல்இடி திரை, டீசர் என்று என்னென்னவோ சொன்னான். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, “தம்பி, ஓரத்துல மணி வருமா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் பழைய கேமராம்மா. இப்ப திரையில வராது. ஃபைலுக்குள்ள நேரம் நொடி வரைக்கும் பதிவாகும், ஆனா அதையெல்லாம் யாரும்மா போய்ப் பாக்கப் போறாங்க.”

எங்கள் வீட்டில் ஒருத்தர் பார்ப்பார் என்றேன். இவர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.